நெர்ஹா: மலையடிவாரக் கடற்கரை ஊருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் தென்கரையில், மாலகா நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது நெர்ஹா. எழுத்தில் 'ஜே' இருந்தாலும் உச்சரிப்பு 'ஹ'தான். 'நெர்ஜா' என்று டிக்கெட் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் விழிப்பார். கோஸ்தா தெல் சோல் எனப்படும் இந்தக் கரையின் மேற்குப் பக்கத்தில் தொரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலா போன்ற ஊர்களில் அடுக்குமாடி விடுதிகள் வரிசைகட்டி நிற்கும். நெர்ஹா அப்படியில்லை. பின்னால் அல்மிஹாரா மலை, முன்னால் கடல், நடுவில் பாறைமேட்டின் மேல் வெள்ளை வீடுகள். ஊரின் அழகும் அதனால்தான், புதிதாக வருகிறவர்கள் திணறுவதும் அதனால்தான். இங்கே ஒரு நாள் வீணாகிறது என்றால், சரிவையோ காற்றையோ கடிகாரத்தையோ கணக்கில் வைக்காமல் கிளம்பியிருப்பார்கள்.

எந்த மாதம்

கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் செப்டம்பருக்கு ஈடு இல்லை. கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் இதமாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஊரைச் சுற்றி நடக்கவும் மலையேறவும் என்றால் ஏப்ரல், மே நல்ல மாதங்கள். ஆகஸ்டில் வேறு வழியில்லாதவர்கள் மட்டும் போகலாம். ஸ்பெயின்காரர்களே அந்த மாதத்தில்தான் விடுமுறை எடுப்பதால் அறையும் கிடைக்காது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது.

மத்தியதரைக் கடல் என்றாலே வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்து ஜூனில் இறங்குகிறவர்கள் நடுங்கிப்போவார்கள். இது மத்தியதரைக் கடலின் மேற்கு முனையான அல்பொரான் கடல். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீர் ஓயாமல் இங்கே வந்து கலக்கிறது. ஜூனில் தண்ணீர் 20 பாகை (டிகிரி செல்சியஸ்) சுற்றி இருக்கும், ஆகஸ்டில்கூட 22, 23தான். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

விசாவும் நுழைவும்

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அதோடு விண்ணப்பம் வாங்கும் சேவை மையத்தின் கட்டணமும் சேரும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. கடவுச்சீட்டு வாங்கி பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதன்முறை வருகிறவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் பிடிக்கும். இறங்கிய கையோடு பிடிக்க வேண்டிய பேருந்துக்கு முன்பதிவு செய்யும்போது இதற்கும் இடம்விட்டுச் செய்யுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊர்வரை

நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. மாலகாவிலிருந்து கரையோரமாக ஓடும் புறநகர் ரயில் மேற்கே ஃபுவென்ஹிரோலாவோடு நின்றுவிடுகிறது, கிழக்கே வருவதில்லை. ஆகவே வழி இப்படி:

1. விமான நிலையத்தின் எதிரிலேயே 'தெர்கனியாஸ்' சி1 ரயில் நிலையம். சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி. மாலகா சென்ட்ரோ போகும் திசையில் ஏறுங்கள். எதிர்த்திசை வண்டி உங்களை ஃபுவென்ஹிரோலாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

2. மரியா தம்ப்ரானோ நிலையத்தில் இறங்குங்கள். கடைசி நிறுத்தம்வரை போய்விட வேண்டாம். அதற்கு முந்தையதுதான் இது.

3. வெளியே வந்தால் பக்கத்திலேயே பேருந்து நிலையம். அல்சா நிறுவனத்தின் கவுன்டரிலோ இயந்திரத்திலோ நெர்ஹா டிக்கெட் வாங்குங்கள். கோடையில் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் இருக்கைகள் தீர்ந்துவிடும். அந்த நாள்களுக்கு இணையத்தில் முன்பே வாங்குவதுதான் நிம்மதி.

4. வாங்கும்போது பயண நேரத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் போகும் வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேர்க்கும். கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் நின்று போகும் வண்டிக்கு ஒன்றரை மணிக்கு மேல் ஆகும்.

5. நெர்ஹாவில் பேருந்து நிலையம் என்று பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். சாலையோர நிறுத்தமும் ஒரு டிக்கெட் பெட்டிக்கடையும்தான். அங்கிருந்து ஊர் நடுவுக்குப் பத்து நிமிட நடை, பெரும்பாலும் இறக்கம்.

விமானம் இரவு பத்து மணிக்கு மேல் இறங்கினால் கடைசிப் பேருந்து கைவிட்டுப் போயிருக்கலாம். டாக்ஸி எளிதில் 80 யூரோவைத் தாண்டும். தனியாக வருகிறவர் அன்றிரவு மாலகாவில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினால் அதே செலவில் ஒரு நகரத்தையும் பார்த்துவிடலாம். கார் வாடகைக்கு எடுப்பவர்களிடம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டையும் இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையை டெபிட் அட்டையில் பிடிக்கப் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஊருக்குள் நீலக்கோடு கட்டண நிறுத்தம், மஞ்சள்கோடு தடை, வெள்ளைக்கோடு இலவசம். ஆகஸ்டில் வெள்ளைக்கோட்டில் இடம் தேடுவதைவிட நிலத்தடி நிறுத்தத்தில் காசு கொடுத்துவிடுவது மேல்.

எங்கே தங்குவது

இந்த ஊரில் அறை பார்க்கும்போது 'கடலிலிருந்து எத்தனை மீட்டர்' என்பதைவிட 'எத்தனை படி' என்று கேளுங்கள். வரைபடத்தில் 200 மீட்டர் என்று தெரியும் தூரம், நேரில் செங்குத்தான படிக்கட்டாக இருக்கும். பழைய ஊர்ப்பகுதி வீடுகள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. சரளைக்கல் பதித்த தெருவில் பெட்டியின் சக்கரமும் ஓடாது.

ஊரின் நடுப்புள்ளி பால்கோன் தெ எவுரோப்பா, அதாவது ஐரோப்பாவின் பால்கனி. கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும் பாறையின்மேல் அமைந்த திறந்தவெளி இது. ஒரு காலத்தில் இங்கே கோட்டை இருந்தது. 1812இல் அதைத் தகர்த்தார்கள், இப்போது பீரங்கிகள் மட்டும் மிச்சம். 1884 கிறிஸ்துமஸ் அன்று அண்டலூசியாவை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1885 ஜனவரியில் சேதம் பார்க்க வந்த அரசர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ வைத்த பெயர் என்று சொல்வார்கள். அவருடைய வெண்கலச் சிலை கம்பியில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

முட்டி வலி உள்ள பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் இந்தப் பால்கனியை ஒட்டியோ, அதற்கு மேற்கே தொரெசியா கடற்கரைப் பக்கமோ அறை எடுங்கள். தொரெசியாவில் கடலோர நடைபாதை மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். நீச்சலே முக்கியம் என்கிற இளையவர்களுக்குப் புரியானா. ஆனால் அங்கே தங்கினால் ஒவ்வொரு மாலையும் ஊருக்குள் வர மேடு ஏற வேண்டும். விடுதியில் எல்லோருடைய கடவுச்சீட்டு விவரத்தையும் எழுதிக்கொள்வார்கள். அது சட்டம், தயங்க வேண்டாம்.

கடற்கரையும் காற்றும்

புரியானாதான் பெரியது, சுமார் 800 மீட்டர் நீளம். பால்கனியிலிருந்து கிழக்கே 15, 20 நிமிடம் நடந்தால் வரும், கடைசிப் பகுதி செங்குத்தான இறக்கம். திரும்பும்போது அதே இடம் ஏற்றம். உயிர்காப்பாளர், கழிப்பறை, படுக்கை வாடகை, உணவகம் எல்லாம் இங்கே உண்டு. பால்கனிக்கு நேர் கீழே இருக்கும் கலாவோண்டா சின்னஞ்சிறிய குடா. காலை ஒன்பது மணிக்குப் போனால் உங்களுக்கே சொந்தம்போல இருக்கும், பதினொன்றுக்கு நிற்க இடமிருக்காது. மேற்கே எல் பிளயாத்தோ நீண்டு கிடக்கும், வசதி குறைவு, அமைதி அதிகம்.

மணல் வெள்ளையாக இருக்காது. கருஞ்சாம்பல் நிறம், பருக்கை மணல், இடையிடையே கூழாங்கல். மதியம் வெறுங்காலோடு நாலடி வைக்க முடியாது. ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி ஒரு ஜோடி ஆளுக்கொன்று வேண்டும். இன்னொன்று, பருக்கை மணல் கரை என்பதால் அடித்தளம் சட்டென்று இறங்கும். நாலைந்து எட்டு வைத்தாலே மார்பளவு ஆழம் வரும் இடங்கள் உண்டு. பிள்ளைகளை முன்னே விட்டுப் பின்னால் நிற்காதீர்கள், நீங்கள் முன்னே நில்லுங்கள்.

காற்றின் பெயர் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஊர்க்காரர்கள் நாள் முழுக்க அதைத்தான் பேசுவார்கள். கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே. இது அலையைக் கிளப்பும். மேற்கிலிருந்து வருவது போனியெந்தே. மேலே இருக்கும் சூடான நீரைக் கரையிலிருந்து ஒதுக்கிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலேறும். நேற்று இதமாக இருந்த கடல் இன்று நாலைந்து பாகை குறைந்து பல்லைத் தந்தியடிக்க வைப்பது இதனால்தான். மூன்றாவது தெர்ரால். உள்நாட்டிலிருந்து மலை தாண்டி இறங்கும் வறண்ட அனல்காற்று. மாலகா பக்கம் இது வீசும் நாளில் 40 பாகை தொடும், கடல் மட்டும் சில்லென்று இருக்கும். அன்றைக்கு எந்த நடைப்பயணமும் வேண்டாம். சன்னலைத் திறந்து வைத்தால் காற்றுவரும் என்று நினைப்பதும் தவறு. மூடிவைத்தால்தான் அறை தணியும்.

கரையில் பறக்கும் கொடி பச்சை என்றால் கடலில் இறங்கலாம், மஞ்சள் என்றால் இடுப்பளவோடு நில்லுங்கள், சிவப்பு என்றால் கால்கூட நனைக்க வேண்டாம். ஊதா நிறத்தில் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், சில நாள்களில் கூட்டமாக ஒதுங்கும். கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் நச்சுப்பைகள் வெடித்து எரிச்சல் கூடும். கடல் நீராலேயே கழுவி, துண்டால் தேய்க்காமல், முதலுதவிச் சாவடிக்குப் போங்கள்.

கடிகாரம்

ஸ்பெயின் தன் இடத்துக்குரிய நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. மத்திய ஐரோப்பாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது, அதோடு கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. விளைவு, நெர்ஹாவில் கோடைகாலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் இரண்டே கால் மணிக்கு மேல். நம் பழக்கத்தில் 'மூன்று மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும்' என்று கிளம்பினால் நடு உச்சியில் மாட்டிக்கொள்வீர்கள். குளிக்கக் காலை பத்திலிருந்து ஒன்றரை வரை, மறுபடி மாலை ஆறுக்கு மேல். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பதரைக்கு மேல் ஆகும், எனவே ஆறு மணி என்பது இன்னும் நல்ல பகல்தான்.

ஊரும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. சின்னக் கடைகள் இரண்டு மணிக்கு அடைத்து ஐந்து, ஐந்தரைக்குத் திறக்கும். மதியச் சாப்பாடு ஒன்றரைக்குத் தொடங்கி நான்கு வரை. பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். ஐந்தரைக்குப் பசியோடு உணவகம் தேடி அலைவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அறையில் பழமும் ரொட்டியும் வைத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

சாப்பாடு

கடற்கரை உணவகத்துக்கு சிரிங்கித்தோ என்று பெயர். அதன் வாசலில் பழைய மரப்படகு ஒன்று மணல் நிரப்பி வைத்திருக்கும். அதில் ஒலிவ விறகு எரியும். முழு மத்தி மீன்களை ஐந்தாறு சேர்த்து, பிளந்த நாணல் குச்சியில் கோத்து, கல்லுப்பு தூவி, நெருப்போரம் மணலில் சாய்த்துக் குத்தி வைப்பார்கள். இதுதான் எஸ்பெத்தோ, மாலகாக் கரையின் உயிர். கோப்பதில்தான் வித்தை இருக்கிறது. குச்சி மீனின் நடுமுள்ளுக்கு அடியில் போக வேண்டும். இல்லையென்றால் வெந்து மென்மையானதும் சதை கிழிந்து மணலில் விழும். சுடுபவர் காற்று வீசும் திசை பார்த்துக் குச்சிகளை நெருப்பின் மறுபக்கம் மாற்றிக்கொண்டே இருப்பார், புகை ஏறக்கூடாது என்பதற்காக. குடலெடுக்காத மீன். முள்கரண்டி வேண்டாம். கையால் தோலை உரித்து, முதுகுச் சதையைச் சீவினாற்போல எடுத்துச் சாப்பிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும், அப்போதுதான் ருசி. நெத்திலியின் உறவுக்கார மீனான போக்கெரோனெஸ் பொரியலும் கேளுங்கள்.

சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'காய்கறி' என்று எழுதியிருந்தாலும் பன்றித்தொடை ஹமோன் துண்டுகள் தூவி வரும். 'கலவை சாலட்' என்றால் மேலே சூரைமீன் இருக்கும். சல்மோரெஹோ என்ற தக்காளிக் கூழின் மேலும் முட்டையும் ஹமோனும் போடுவார்கள். சொல்ல வேண்டியது: 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (இறைச்சி, மீன், ஹமோன் வேண்டாம்). 'சைவம்' என்ற சொல்லை மட்டும் சொன்னால் சில இடங்களில் ஹமோனை இறைச்சியாகவே எண்ணமாட்டார்கள். நம்பிக் கேட்கக்கூடியவை தக்காளி அரைத்த குளிர்ந்த சூப்பான காஸ்பாச்சோ, பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த அஹோபிளாங்கோ, பிறகு கத்தரிக்காய் வறுவல்மேல் கரும்புப்பாகு ஊற்றிய 'பெரென்ஹேனாஸ் கோன் மியெல்'. கடைசியதைத் தவறவிடாதீர்கள். இந்தக் கரையில் நூற்றாண்டுகளாகக் கரும்பு விளைந்தது. பக்கத்து ஊர் ஃப்ரிஹிலியானாவில் கரும்புப்பாகு காய்ச்சும் ஆலை இன்றும் ஓடுகிறது. கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாக மாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள், பாகு கருப்பாக, வெல்லப்பாகின் லேசான கசப்போடு இருக்கும். ஆறினால் தொய்ந்துவிடும், வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

பழக்கடைகளில் செப்டம்பர், அக்டோபரில் உள்ளூர் மாம்பழம் கிடைக்கும். அஹார்க்கியா என்ற இந்த வட்டாரத்தில் மாவும் அவகாடோவும் தோட்டம் தோட்டமாக விளைகின்றன. இலையுதிர் காலம் முற்றியதும் சீத்தாப்பழத்தின் உறவான சிரிமோயா வரும். அழுத்தினால் லேசாக அமுங்கும் பழத்தை வாங்குங்கள், கல்லாக இருப்பதை அறையில் இரண்டு நாள் வையுங்கள்.

காப்பி குடிக்கிறவர்களுக்கு மாலகாவின் அளவுச் சொற்கள் உதவும். மிதாத் என்றால் பாதி காப்பி பாதி பால், சோம்ப்ரா என்றால் காப்பி கொஞ்சம் பால் அதிகம், நூபே என்றால் பாலில் காப்பி ஒரு சொட்டு. சூடாக வேண்டுமென்றால் 'முய் காலியெந்தே' என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

ஊருக்கு வெளியே

நெர்ஹா குகை, மாரோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஊர் நடுவிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள். 1959 ஜனவரி 12 அன்று வௌவால் பிடிக்கப் போன மாரோ பையன்கள் ஐந்து பேர் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே 'பேரழிவுக் கூடம்' என்ற அறையில் 32 மீட்டர் உயரத் தூண், மேலிருந்து தொங்கிய சுண்ணாம்புப் படிவும் கீழிருந்து வளர்ந்ததும் ஒன்றாகி நிற்பது. நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் வாங்குங்கள். உள்ளே 19 பாகை சுற்றியே இருந்தாலும் ஈரப்பதம் மிகுதி, நூற்றுக்கணக்கான படிகள், வேர்க்கும். ரப்பர் அடி கொண்ட செருப்பில்லாமல் போகாதீர்கள். படிகள் ஈரமாக இருக்கும். சக்கர நாற்காலிக்கு வழியில்லை. பழைய ஓவியங்கள் உள்ள மேல்கூடங்கள் மக்களுக்குத் திறப்பதில்லை.

குகைக்குப் போகும் வழியில் பழைய சாலையோரம் நான்கு அடுக்கு வளைவுகளாக நிற்கிறது ஆகிலா நீர்ப்பாலம். 19ஆம் நூற்றாண்டில் மாரோவின் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. இன்றும் அதில் பாசனத் தண்ணீர் ஓடுகிறது. சாலையோரத்தில் கார் நிறுத்த இடம் குறைவு, வளைவில் நிறுத்தாதீர்கள்.

மாரோவிலிருந்து கிழக்கே கடலோரப் பாறைகள் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கயாக் படகில் போனால் பாறையிலிருந்து கடலிலேயே விழும் அருவியைப் பார்க்கலாம். உரிமம் உள்ள வழிகாட்டியோடு, காலை முதல் குழுவில் போங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் திரும்பும் துடுப்பு இரட்டிப்பு உழைப்பு. கண்ட குடாவில் எல்லாம் கரையேறவும் கூடாது. கந்தாரிஹான் கடற்கரையின் ஒரு பகுதியில் ஆடையில்லாமல் குளிப்பார்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே தெரிந்திருப்பது நல்லது. கோடையில் அங்கே கார் இறங்க விடமாட்டார்கள், மேலிருந்து சிற்றுந்து உண்டு.

சியார் ஆற்றுக்குள்ளேயே நடந்து மலையிடுக்கு வழியே போகும் நடை பலருக்கும் கனவு. ஆனால் தீ அபாயம், கூட்டம் காரணமாகத் தடை போடுவதுண்டு. கிளம்புமுன் பால்கனி அருகேயுள்ள சுற்றுலா அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

ஃப்ரிஹிலியானா ஆறேழு கிலோமீட்டர், பேருந்தில் இருபது நிமிடம். கரும்புப்பாகை அங்கேயே புட்டியில் வாங்கிவிடலாம், விமானத்தில் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். மேல்தெருக்கள் முழுக்கப் படிகள். காலை பத்துக்கு முன் ஏறிவிட்டு, வெயில் கூடும்போது இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே நிறுத்தத்துப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் திருநாளும் வண்டி மிகக் குறைவு. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையும் பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்த டிக்கெட்டைப் பல வாரம் முன்பே கடவுச்சீட்டு எண் கொடுத்து வாங்கிவிடுங்கள். நெர்ஹாவிலிருந்து நேர்ப் பேருந்து இரண்டு மணிக்குச் சற்று மேல்.

சில்லறை விஷயங்கள்

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். மின்செருகி வட்டமான இரண்டு கால், இந்திய இரண்டு கால் செருகி பொருந்தும், மூன்று காலுக்கு மாற்றி வேண்டும். அட்டை இயந்திரமோ ஏடிஎம்மோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா' என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நட்டம். பச்சைச் சிலுவை விளக்கு மருந்துக்கடை. இரவில் முறைவைத்துத் திறந்திருக்கும் கடை எது என்று அதன் கதவிலேயே ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு 112.

ஊர் திரும்பும் நாளில் நெர்ஹாவிலிருந்து விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள். பேருந்து, ரயில் மாறும் நேரம், வெளியேறும் வரிசை எல்லாம் அதற்குள் அடங்கும். முந்தின இரவே பேருந்து டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். நிறுத்தத்துக்குப் போகும் வழி இப்போது ஏற்றம், பெட்டியோடு பத்து நிமிடம் இருபதாகும்.